கெர்னல் கட்டும்போது பிக் எண்டியனா, லிட்டில் எண்டியனா?

பாளையங்கோட்டையில் என் வேலை மேஜையில் இரண்டு போர்டுகள் அருகருகே கிடந்தன. கொண்டுவந்தவர்கள் கடைசி வருடம் படிக்கும் இரண்டு மாணவர்கள். ஒன்று ஏஆர்9331 சிப் உள்ள பழைய ரவுட்டர், மற்றது எம்டி7628 சிப் உள்ள சின்ன போர்டு. இரண்டுக்குள்ளும் மிப்ஸ் என்ற செயலிக் கட்டமைப்பின் 24கே குடும்பத்துக் கோர்தான் இருக்கிறது. ஒருவர் கட்டிவைத்த ரூட் ஃபைல்சிஸ்டத்தை (கெர்னல் எழுந்தபின் ஓடும் நிரல்களும் ஃபைல்களும் இருக்கும் தொகுப்பு) மற்றவர் எடுத்துத் தன் லினக்ஸ் கெர்னலோடு சேர்த்தார். கெர்னல் அழகாக எழுந்து வந்தது. சீரியல் கன்சோலில் வரிசையாக எல்லாம் ஓடி, முதல் நிரலான இனிட்டைத் தொடங்கும் இடத்தில் 'எரர் -8' என்று சொல்லி நின்றுவிட்டது.

"ரெண்டும் மிப்ஸ்தானே அண்ணாச்சி, பொறவு ஏன் ஓட மாட்டேங்குது?"

-8 என்றால் 'இந்த ஃபைல் நான் ஓட்டக்கூடிய வடிவத்தில் இல்லை' என்று கெர்னல் சொல்கிறது. ஏஆர்9331 பிக் எண்டியன், எம்டி7628 லிட்டில் எண்டியன். அன்றைக்கு அந்தத் தம்பிகள் அடுத்து கேட்டதுதான் பலரும் என்னிடம் கேட்பது: கெர்னலைக் கட்டும் முன் தெரிவுகளைக் குறிக்கும் மெனுகான்ஃபிக்கில் 'எண்டியன்னெஸ் செலக்ஷன்' என்று ஒரு இடம் வருகிறதே, அதில் எதை எடுக்க வேண்டும்? மேசைக்கு மேசை பதில் மாறும் என்பதால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

32 பிட் எண் ஒன்று நினைவகத்தில் நான்கு பைட்டாக உட்காரும். கால்வாய் ஓரத்தில் அடுத்தடுத்து நான்கு வயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கால்வாய்த் தண்ணீர் முதலில் தொடுவது தலைமடை வயல், கடைசியில் தொடுவது கடைமடை வயல். பெரிய மதிப்புள்ள பைட்டைத் தலைமடையில் வைத்தால் பிக் எண்டியன், சின்ன மதிப்புள்ள பைட்டைத் தலைமடையில் வைத்தால் லிட்டில் எண்டியன். பதினாறடிமான எண் 12 34 56 78 என்பது முதல் முறையில் அதே வரிசையில் கிடக்கும். இரண்டாவது முறையில் 78 56 34 12 என்று கிடக்கும். இந்தப் பெயர்களைக் கணினி உலகத்தில் பரப்பியது 1980-ல் டேனி கோஹன் எழுதிய ஒரு குறிப்பு.

இரண்டு பழக்கமும் நமக்குப் புதிதில்லை. 'ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு' என்று சொல்லும்போது பெரியதை முன்னால் வைக்கிறோம். கடிதத்தில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதும்போது சின்னதை முன்னால் வைக்கிறோம். தேதியில்தான் விசித்திரம்: 15-08-1947 என்பதில் நாள், மாதம், வருடம் என்று சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம், ஆனால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பெரிய இலக்கம்தான் முன்னால் நிற்கிறது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு காற்றாலை மீட்டரில் திரும்ப வரும்.

தவறான வரிசையில் படித்தால் எண் கொஞ்சமாகத் தப்பாது. 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் ஐந்தைப் பார்ப்பேன், இந்த வரிசையில்தான் பார்ப்பேன்.

முதலாவது, சிப்பும் போர்டும் உண்மையிலேயே இரண்டையும் அனுமதிக்கிறதா? பாதிப் பேருக்கு இங்கேயே கேள்வி முடிந்துவிடும். எக்ஸ்86 லிட்டில் எண்டியன் மட்டும்தான். ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எஸ்390 பிக் எண்டியன் மட்டும்தான். மிப்ஸ், ஆர்ம், ஐபிஎம்மின் பவர் மூன்றும் கட்டமைப்பு அளவில் இரண்டையும் அறிந்தவை. ஆனால் மிப்ஸ் சிப்பைப் போர்டில் பொருத்தும்போது எந்தப் பக்கம் என்று தயாரிப்பாளர் கட்டிப்போட்டிருப்பார். லினக்ஸ் மூலத்தில் ஏடிஹெச்79 குடும்பம் (ஏஆர்9331 இதில் வரும்) பிக் எண்டியனை மட்டுமே ஆதரிப்பதாகவும், ராலிங்க் குடும்பம் (எம்டி7628 இதில் வரும்) லிட்டில் எண்டியனை மட்டுமே ஆதரிப்பதாகவும் பதிந்திருக்கிறது. அதனால் அந்தப் போர்டைத் தேர்ந்தெடுத்ததும் மெனுவில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சும். மால்டா என்ற சோதனைப் போர்டுக்கு இரண்டும் உண்டு.

இரண்டாவது, பூட்லோடர், அதாவது கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல். அது ஒரு வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற வரிசைக் கெர்னலைக் கையில் கொடுத்தால் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று எழுதிவிட்டு மௌனமாகிவிடும். பிழைச் செய்திகூட வராது.

மூன்றாவது, யூசர்ஸ்பேஸ், அதாவது கெர்னலுக்கு மேலே ஓடும் நிரல்கள். சி லைப்ரரி, அடிப்படைக் கட்டளைகளை ஒன்றாகத் தரும் பிஸிபாக்ஸ், எங்கிருந்தோ கிடைத்த மூலமில்லாத பைனரி டிரைவர் எல்லாம் எந்த வரிசையில் இருக்கின்றன?

நான்காவது, ஃபிளாஷிலும் வட்டிலும் ஏற்கெனவே எழுதிக் கிடக்கும் தரவு.

ஐந்தாவது, நாளைக்கு இதைப் பராமரிப்பவர் யார், அவருக்குப் பொட்டலங்கள் (கட்டித் தயாராக வரும் நிரல்கள்) எங்கே கிடைக்கும்.

வேகத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இணைய நெறிமுறைகள் பிக் எண்டியன் என்பதால் ரவுட்டருக்கு பிக் எண்டியன்தான் வேகம் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆனால் யூஎஸ்பியின் விவரத் தொகுப்புகளும் பிசிஐ சாதனங்களின் ரெஜிஸ்டர்களும் லிட்டில் எண்டியன். ஒரு பக்கம் மிச்சப்படுத்தியதை இன்னொரு பக்கம் கொடுக்கத்தான் வேண்டும். பைட் திருப்புவது ஆர்மில் ஒரே கட்டளை, மிப்ஸ்32-ன் இரண்டாம் வெளியீட்டில் இரண்டு கட்டளை. அதற்காக ஒரு முடிவை எடுக்க வேண்டியதில்லை.

## வழி 1: லிட்டில் எண்டியன்

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிற யாருக்கும், போர்டு இடம் கொடுத்தால், நான் சொல்வது இதைத்தான். காரணம் தொழில்நுட்ப மேன்மை இல்லை, கூட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் மடிக்கணினி, கைப்பேசி, நீங்கள் இறக்குமதி செய்யும் ஒவ்வொரு லைப்ரரியையும் எழுதியவரின் மடிக்கணினி எல்லாம் லிட்டில் எண்டியன். பிழை இருந்தால் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது தடுக்கி விழுந்து அதைச் சரிசெய்திருப்பார்.

பவர் உலகத்தைப் பாருங்கள். பல வருடம் பிக் எண்டியனாகவே இருந்த இடம். பவர்8 வந்த காலத்தில் லினக்ஸ் லிட்டில் எண்டியனுக்குத் திரும்பியது. லினக்ஸ் விநியோகங்களில் உபுண்டு 14.04 அதை ஏற்றது, 2015-ல் டெபியன் 8-ம் ஏற்றது. டெபியனில் பிக் எண்டியன் மிப்ஸைச் சுமந்த கடைசி வெளியீடு 2019-ல் வந்த டெபியன் 10. இன்று அங்கே அதிகாரபூர்வமாக இருக்கும் பிக் எண்டியன் எஸ்390எக்ஸ் ஒன்றுதான். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: 32 பிட் மிப்ஸின் லிட்டில் எண்டியனும் டெபியன் 13-ல் இல்லை. ஆகவே 'லிட்டில் எண்டியன் எடுத்தால் பொட்டலம் கிடைக்கும்' என்பது கட்டமைப்பையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய பேச்சு. சின்ன மிப்ஸ் போர்டு என்றால் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி அல்லது கெர்னலையும் ரூட் ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்துக் கட்டித்தரும் பில்ட்ரூட்தான் கதி, இரண்டிலும் இரு வரிசைக்கும் இடமுண்டு.

மறைசெலவு என்ன? உங்கள் சொந்த நிரலில் உள்ள பிழை வெளியே தெரியாது. ஃபைலில் ஒரு ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சி மொழித் தொகுப்பு) அப்படியே எழுதி அப்படியே படித்தால், மடிக்கணினியிலும் ஓடும், போர்டிலும் ஓடும். எல்லாம் ஒரே வரிசை என்பதால் சரியாக இருப்பதுபோலத் தெரியும். இது லாபம் இல்லை, தள்ளிப்போட்ட கடன்.

## வழி 2: பிக் எண்டியன்

நீங்களாகத் தேர்ந்தெடுப்பதைவிட, சூழ்நிலை உங்களை இங்கே கொண்டுவந்து விடுவதுதான் அதிகம். அப்படி வந்தால் எதிர்த்து நிற்காதீர்கள். ஏடிஹெச்79 போர்டை லிட்டில் எண்டியனாக்க வழி தேடி ஒரு வாரத்தைச் செலவழித்த பையனை எனக்குத் தெரியும். அந்த வாரத்தில் அவர் தன் உண்மையான வேலையை முடித்திருக்கலாம்.

இது சரியான தேர்வாக இருக்கும் இடங்கள்: போர்டும் பூட்லோடரும் அப்படியே வந்திருக்கின்றன, மூலமில்லாத பைனரி ஒன்றை விட முடியாது, பல வருடத் தரவு அந்த வரிசையில் ஃபிளாஷில் கிடக்கிறது, அல்லது மெயின்ஃபிரேமில் வேலை.

மறைசெலவுகள் இங்கே கொஞ்சம் அதிகம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபைல்சிஸ்டம். ஈஎக்ஸ்டி4 வட்டில் எப்போதும் லிட்டில் எண்டியன், எக்ஸ்எஃப்எஸ் எப்போதும் பிக் எண்டியன். கெர்னல் எந்த வரிசையில் இருந்தாலும் படிக்கும்போது திருப்பிக்கொள்ளும், நாம் கவலைப்பட வேண்டாம். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் 4.0 வடிவத்தில், 2009-ல் 2.6.29 கெர்னலுக்குள் வந்தபோது, லிட்டில் எண்டியன் என்று உறுதியாகிவிட்டது. ஃபிளாஷுக்கென்றே எழுதிய ஜெஎஃப்எஃப்எஸ்2 அப்படியில்லை. அது கெர்னலின் வரிசையிலேயே எழுதும், அதிலேயே படிக்கும். அதன் அடையாள எண் பதினாறடிமானத்தில் 1985. இமேஜை மாற்று வரிசையில் கட்டியிருந்தால் கன்சோலில் '1985 காணவில்லை, பதிலாக 8519 இருக்கிறது' என்ற பொருளில் வரி வரியாகக் கொட்டும். அதைப் பார்த்து ஃபிளாஷ் கெட்டுப்போச்சு என்று போர்டைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கிறது. இமேஜ் கட்டும் கருவிக்கு வரிசையைச் சொல்லித் திரும்பக் கட்டினால் போதும்.

64 பிட் ஆர்ம். சிப் இரண்டையும் தாங்கும், கெர்னலிலும் பிக் எண்டியன் வழி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை எடுத்தால் போர்டை எழுப்பும் ஃபர்ம்வேர் முறையான யூஈஎஃப்ஐ ஆதரவு போய்விடும், ஏனென்றால் யூஈஎஃப்ஐ லிட்டில் எண்டியனை மட்டுமே அறியும். யூஈஎஃப்ஐ வழியாக எழும் சர்வர் போர்டில் அதோடு கதை முடிந்தது. கோ மொழியின் கம்பைலரிலும் ஆர்ம்64 லிட்டில் எண்டியனுக்கு மட்டும்தான். மிப்ஸுக்கு அது இரண்டு வரிசையும் தருகிறது.

டிரைவர்கள். பிசிஐ ரெஜிஸ்டரைப் படிக்க 'ரீட்எல்' என்ற சார்பைக் கூப்பிட்டால் பிக் எண்டியன் கெர்னலில் அதுவே திருப்பிக் கொடுக்கும். 'ரா' என்ற முன்னொட்டுள்ளதைக் கூப்பிட்டால் திருப்பாது. லிட்டில் எண்டியனில் மட்டும் சோதித்த டிரைவர்களில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும். அந்தப் பிழை அங்கே ஒருநாளும் கண்ணில் படாது, உங்கள் போர்டில்தான் முதல்முறை தலை காட்டும். ஒரு பைட்டைச் சில சில பிட்டுகளாகப் பங்கிடும் பிட்ஃபீல்டும் அப்படித்தான். கெர்னலின் ஐபி தலைப்பு ஸ்ட்ரக்டில்கூட, வெர்ஷனும் தலைப்பு நீளமும் பங்கிடும் ஒரு பைட்டுக்காக, இரண்டு வரிசைக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

## வழி 3: ஓட்டுவது ஒன்று, சோதிப்பது இரண்டிலும்

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதுதான். போர்டில் லிட்டில் எண்டியன் ஓடட்டும். கூடவே வேறு போர்டைப் போலவே நடிக்கும் நிரலான க்யூஈஎம்யூவில் மால்டா போர்டுக்கு ஒரு பிக் எண்டியன் கெர்னலைக் கட்டி, உங்கள் நிரலின் சோதனைகளை அங்கேயும் ஓட்டுங்கள். போர்டு வாங்க வேண்டாம், காசு செலவில்லை. முழுக் கெர்னல் வேண்டாம் என்றால் க்யூஈஎம்யூவின் யூசர் முறையில் பிக் எண்டியன் பைனரியை மட்டும் மடிக்கணினியிலேயே ஓட்டலாம்.

செலவு என்று பார்த்தால் கட்டும் நேரம் இரட்டிப்பாகும், அடுக்கி வைக்க இரண்டு டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் லைப்ரரியும்). அவ்வளவுதான். டிரைவர் எழுதுகிறவர்கள் கெர்னல் கட்டும்போது ஸ்பார்ஸ் கருவியையும் ஓட்ட வேண்டும். எந்த எண் எந்த வரிசை என்று வகையிலேயே குறித்திருந்தால், திருப்பாமல் கலக்கும் இடங்களை அது ஓட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

| பார்க்க வேண்டியது | லிட்டில் எண்டியன் | பிக் எண்டியன் | இரண்டிலும் சோதனை |
|---|---|---|---|
| எங்கே பொருந்தும் | எக்ஸ்86, எம்டி76 வகை ரவுட்டர், ஆர்ம், புது பவர் | ஏடிஹெச்79 ரவுட்டர், எஸ்390, பழைய பவர் | நிரல் எழுதுகிற யாருக்கும் |
| பொட்டலங்கள் | அதிகம் | குறைவு, குறைந்துகொண்டே வருகிறது | க்யூஈஎம்யூ போதும் |
| ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் | தொல்லை இல்லை | தொல்லை இல்லை | தொல்லை இல்லை |
| ஜெஎஃப்எஃப்எஸ்2 | அதே வரிசையில் இமேஜ் வேண்டும் | அதே வரிசையில் இமேஜ் வேண்டும் | இரண்டு இமேஜ் |
| மறைசெலவு | சொந்தப் பிழை ஒளிந்திருக்கும் | மற்றவர் பிழை உங்கள் தலையில் விழும் | கட்டும் நேரம் |

## பணகுடிப் பக்கத்து மீட்டர்

மூன்றாவது வழியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலையின் மின் மீட்டரைப் படித்து அனுப்பும் பெட்டி ஒன்றை வைத்திருந்தோம். உள்ளே பிக் எண்டியன் ரவுட்டர் போர்டு. மீட்டர் பேசுவது மாட்பஸ், 1979-ல் மாடிகான் நிறுவனம் உருவாக்கிய நெறிமுறை. மாட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் 16 பிட், அதற்குள் பெரிய பைட் முன்னால் வரும். 32 பிட் எண்ணுக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். அவற்றில் எது முன்னால் என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு. சிலர் சின்ன ரெஜிஸ்டரை முன்னால் வைக்கிறார்கள்: 12 34 56 78 என்பது 56 78 12 34 என்று வரும். நம் தேதி எழுதும் முறை அச்சாக அதுதான்.

எங்கள் நிரல் வந்த நான்கு பைட்டை நினைவகத்தில் அப்படியே நகலெடுத்து 32 பிட் எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தது. மீட்டரும் பிக் எண்டியன், போர்டும் பிக் எண்டியன், ஆகவே சரியாக வந்தது. தென்மேற்குக் காற்று தொடங்கும் முன்பு மீட்டர் புதிதாக மாறியது, கூடவே போர்டையும் மாற்றினோம். புது போர்டு லிட்டில் எண்டியன். மீட்டர் 1,000 யூனிட்டைத் தொட்டிருந்த நேரம், பெட்டி 3,89,25,10,720 என்று அனுப்பியது.

மீட்டர் புதிது என்பதால் அதன் ரெஜிஸ்டர் வரிசைதான் மாறியிருக்கும் என்று நினைத்து, இரண்டு ரெஜிஸ்டரையும் இடம் மாற்றினேன். எண் 59,395 ஆனது. பார்க்க நம்பும்படியாக இருந்தது. நானும் நம்பிவிட்டேன். அங்கே பராமரிப்புப் பார்க்கும் அண்ணாச்சி போன் செய்யாமல் இருந்திருந்தால் அந்த மாதக் கணக்கே அப்படிப் போயிருக்கும்.

"தம்பி, மீட்டர்ல ஆயிரம்னு நிக்கி. ஒங்க பெட்டி அம்பத்தொம்பதாயிரம்னுல்லா சொல்லுது?"

அன்று இரவு உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. புது மீட்டரின் ரெஜிஸ்டர் வரிசையில் எந்த மாற்றமும் இல்லை. முதலிலிருந்தே நிரல் தவறு. போர்டும் மீட்டரும் தற்செயலாக ஒரே வரிசையில் இருந்ததால் அது இத்தனை நாளும் மறைந்திருந்தது. இப்போது அந்த நிரல் நான்கு பைட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, முதல் பைட்டை 24 பிட், அடுத்ததை 16, அடுத்ததை 8 என்று தள்ளிக் கூட்டுகிறது. கெர்னல் எந்த வரிசை என்று அதற்குத் தெரியவே வேண்டாம். எந்த மீட்டருக்கு எந்த ரெஜிஸ்டர் வரிசை என்பதை மட்டும் அமைப்பு ஃபைலில் தனியாக எழுதி வைக்கிறோம்.

இதைக் கெர்னல் அமைப்பால் சரிசெய்ய நினைத்து போர்டைத் திரும்ப பிக் எண்டியனாக மாற்றலாமா என்று ஒரு யோசனையும் எங்களுக்குள் வந்தது. வேண்டாம் என்று விட்டோம். அடுத்த மீட்டர் வேறு வரிசையில் வந்தால் அதற்காக இன்னொரு போர்டா வாங்குவது?

## மாற்றுவதென்று முடிவெடுத்தால்

ஏற்கெனவே கட்டிய அடைவின் மேலேயே அமைப்பை மாற்றிக் கட்டாதீர்கள். இரண்டு வரிசைக்கும் இரண்டு தனி வெளியீட்டு அடைவுகள் வையுங்கள். பில்ட்ரூட்டில் மிப்ஸ் பிக் எண்டியனும் லிட்டில் எண்டியனும் தனித்தனிக் கட்டமைப்புகளாகவே இருக்கின்றன. அங்கே மாற்றினால் எல்லாவற்றையும் சுத்தம் செய்து முதலிலிருந்து கட்டுங்கள்.

கெர்னல் கட்டிமுடிந்தது என்பதை வைத்து டூல்செயின் சரி என்று நினைத்துவிடக் கூடாது. கெர்னலுக்கு சி லைப்ரரி தேவையில்லை. ஆகவே ஒரே மிப்ஸ் கம்பைலர் இரண்டு வரிசைக் கெர்னலையும் கட்டிவிடும். யூசர்ஸ்பேஸுக்கு வரும்போதுதான் லைப்ரரி எந்த வரிசை என்ற உண்மை வெளிவரும். மாணவர்களின் 'எரர் -8' இந்த இடைவெளியில் விழுந்ததுதான்.

பைனரி எந்தப் பக்கம் என்று பார்க்க 'ஃபைல்' கட்டளை போதும். எம்எஸ்பி என்று வந்தால் பிக், எல்எஸ்பி என்று வந்தால் லிட்டில். கருவி எதுவும் இல்லாத இடத்தில் ஈஎல்எஃப் ஃபைலின் (லினக்ஸ் பைனரிகளின் வடிவம் இது) ஆறாவது பைட்டைப் பாருங்கள்: 1 என்றால் லிட்டில், 2 என்றால் பிக்.

யூபூட் என்ற பூட்லோடரின் பழைய இமேஜ் தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எந்தக் கெர்னலுக்கும் 27 05 19 56 என்றே தொடங்கும், ஏனென்றால் தலைப்பு எப்போதும் பிக் எண்டியன். போர்டில் உள்ள சாதனங்களைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ ஃபைலும் அப்படியே. மடிக்கணினியில், ஃபைலின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பை வெறுமனே ஓட்டினால் அதே தலைப்பு 0527 5619 என்று தெரியும். அது இரண்டு இரண்டு பைட்டாகச் சேர்த்து, உங்கள் மடிக்கணினியின் வரிசையில் காட்டுகிறது. பெரிய 'சி' தெரிவைச் சேர்த்து ஓட்டினால் பைட்டுகள் உள்ளபடி வரும். இந்த ஒரு இடத்தில் மணிக்கணக்கில் நின்றுபோனவர்கள் பலர்.

அந்த இரண்டு மாணவர்களில் ரவுட்டர் வைத்திருந்த தம்பியை பிக் எண்டியனிலேயே விடச் சொன்னேன். அவருக்கு வேறு வழியும் இல்லை, தேவையும் இல்லை. மற்றவர் லிட்டில் எண்டியனில் தொடர்கிறார். இருவரும் சேர்ந்து எழுதும் நிரல் ஒன்றுதான். அதனால் க்யூஈஎம்யூ அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள்.